நெருப்புக் குதிரை வருஷத்து ஷிமோ

ஷிமோ என்ற பெயரை நான் முதலில் கேட்டது எனக்குக் கல்யாணம் பேசியபோது. ஒகுமுரா அம்மாள்தான் தரகு. எங்கள் வீட்டோடு அவளுக்குப் பழைய உறவு. என் அம்மாவின் அக்காளை ஒகுமுரா அம்மாளின் சித்தப்பா மகனுக்குக் கொடுத்து, அந்தப் பெரியம்மா இரண்டே வருஷத்தில் காசநோயில் போய்விட்டாள். அதனால் எங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுக்கும் கடன் தனக்கு இருக்கிறது என்று அவள் சொல்லிக்கொள்வாள். மிகுனித் துறைமுகத்தில் பொதுக் குளியல் வீடு, ஒரே பையன், பெயர் யசுஜி, மாமனார் இல்லை, மாமியார் மட்டும், குடி கிடையாது என்று எல்லாம் சொல்லி முடித்துத் தேநீரும் குடித்தாள். வாசலில் செருப்புக்குள் கால் நுழைக்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு. அந்த வீட்டுல கல்யாணம் ஆகாத அத்தை ஒருத்தி இருக்கா. பையனோட அப்பாவுக்குத் தங்கச்சி. பேரு ஷிமோ. நெருப்புக் குதிரை வருஷத்துக்காரி. பயப்படாதீங்க, முன்பக்கம் வரவே மாட்டா. பின்கட்டுல கொதிகலன் அடுப்போட கிடப்பா."

"ஐயையோ," என்றாள் அம்மா.

"நம்ம பொண்ணு கட்டிக்கப் போறது பையனையா, அத்தையையா?" என்றார் அப்பா.

பேச்சு அதோடு முடிந்தது. அந்தக் குளிர்காலத்தில் நான் மிகுனிக்கு வாழ வந்தேன்.

எங்கள் கணக்கில் ஒவ்வொரு வருஷத்துக்கும் பன்னிரண்டில் ஒரு மிருகமும், நெருப்பு, தண்ணீர் என்று ஒரு குணமும் உண்டு. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை குதிரையும் நெருப்பும் ஒன்றாக வரும். அந்த வருஷம் ஆண் பிறந்தால் ஒன்றுமில்லை. பெண் பிறந்தால் கட்டியவனை முழுங்கிவிடுவாள் என்பார்கள். மெய்ஜி முப்பத்தொன்பது, அதாவது 1906, அப்படிப்பட்ட வருஷம். அத்தை பிறந்தது அதன் ஜனவரி இருபதாம் தேதி, புத்தாண்டுப் பண்டிகையின் மிச்சம் மீதியைத் தின்று தீர்க்கிற நாளில். பிறந்தது பெண் என்றதும் அவள் அப்பா, நெருப்பைக் கொஞ்சம் அணைத்து வைக்கலாம் என்று எண்ணி ஷிமோ என்று பெயரிட்டார். ஷிமோ என்றால் உறைபனி. எங்கள் பக்கம் வயலிலும் கூரையிலும் காலையில் வெள்ளையாகப் படிந்து கிடக்குமே, அது.

பெயர் ஒன்றையும் அணைக்கவில்லை. இருபது வயது தாண்டியபோது ஒரே ஒரு வரன் வந்தது. கானாங்கெளுத்தியைத் தவிட்டில் ஊறப்போட்டு விற்கிற வீட்டுப் பையன். அவனே விரும்பிக் கேட்டானாம். அந்தக் காலத்துத் தரகுக்காரன் ஒரு வேலை செய்தான். பெண் குதிரை இல்லை, அதற்கு முந்தின பாம்பு வருஷம் என்று சொல்லிவிட்டான். ஒரு வயது கூடுதலாகச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? நிச்சயம் செய்யப் பையன் வீட்டார் வந்தார்கள். காய்ந்த கணவாய், கடற்பாசி, சாக்கே என்கிற அரிசி மது எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அத்தையின் அப்பாவுக்கு இரண்டு கிண்ணத்துக்கு மேல் தாங்காது. மூன்றாவது கிண்ணத்தில் பேச ஆரம்பித்தார்.

"இவ பொறந்தப்போ என்ன பனி தெரியுமா! ரஷ்யாக்காரனோட சண்டை முடிஞ்சு வந்த மொதப் புத்தாண்டு. கோடையில கூட்டிட்டுப் போனாங்க, நான் அப்பத்தான் வீடு திரும்பியிருந்தேன்."

பையனின் அம்மா மடியில் விரல் விட்டு எண்ணினாளாம். எண்ணியதில் குதிரை வருஷம் வந்ததும் எழுந்தாள். சீர்த்தட்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. "பொய் சொன்னவங்களே வெச்சுக்கட்டும்," என்று போய்விட்டாள். அந்தக் கணவாயை அத்தையே அடுப்பு வாயில் சுட்டுக் கிழித்துக் கொடுக்க, வீட்டார் பல நாள் தின்றார்கள். அவள் மட்டும் தொடவில்லை. இதை எனக்குச் சொன்னவர் மாமியார். அப்போது அவர் அந்த வீட்டுக்குப் புது மருமகள். கணவாய் நல்ல ருசி என்றும் சொன்னார்.

அந்தப் பையன் பிறகு முயல் வருஷத்துப் பெண்ணைக் கட்டினான். நாற்பது வயதுக்குள் கடலோடு போனான். அதற்கும் ஊர் அத்தையைத்தான் சொன்னது. பேசினதற்கே இப்படி என்றால் கட்டியிருந்தால் எப்படி என்று.

அதற்குப் பின் யாரும் வரவில்லை. அவள் அண்ணன், அதாவது என் மாமனார், நெருப்புக்கு நெருப்புதான் சரி என்று அவளை அடுப்படியில் உட்கார வைத்தார். மரக்கடையிலிருந்து வருகிற தூளையும் உடைந்த பலகையையும் அள்ளிப் போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிற வேலை. நான் வந்தபோது அவளுக்கு ஐம்பது நெருங்கியிருந்தது. புருவம் பொசுங்கி, கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்புகள். குளிக்கிற அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தண்ணீர் சூடேறிவிட்டால் ஆண்கள் தொட்டியிலிருந்து அந்தச் சுவரைத் தட்டுவார்கள்.

"என்ன இன்னிக்குக் குதிரைக்குக் கோபம்? தோலு உரியுது!"

ஆறினாலும் விட மாட்டார்கள்.

"குதிரை நின்னுக்கிட்டே தூங்குதா? கொஞ்சம் புல்லு போடுங்கப்பா!"

அத்தை ஒரு வாளி தூள் கூடவோ குறையவோ போடுவாள். கோபமா, வருத்தமா, முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நானும் முதலில் பார்த்துப் பார்த்து, அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் மகன் தோஷியோ பிறந்தபோது அவள் பிள்ளையைத் தூக்கவில்லை. ஈரத்துணிகளை மட்டும் வாங்கிப்போய் அடுப்படியில் காயவைத்து, மடித்து, கதவோரம் வைத்துவிட்டுப் போவாள். தொட்டால் சூடாக இருக்கும்.

அறுபது வருஷம் கழித்து, ஷோவா நாற்பத்தொன்றில், குதிரையும் நெருப்பும் மறுபடி சேர்ந்தன. குளியல் வீட்டுக்காரிக்கு ஊரின் வயிறுகள் தெரியும். மற்ற வருஷங்களில் பெண்கள் பக்கத் தொட்டியில் எப்போதும் இரண்டு மூன்று நிறைவயிறு இருக்கும். அந்த வருஷம் இல்லை. முந்தின இலையுதிர்காலத்திலிருந்தே எல்லாரும் பார்த்து நடந்துகொண்டார்கள். அப்படியும் தரித்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்தார்கள். போய் வந்தவர்களை அவர்கள் குளிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். தொட்டியில் இறங்க மாட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து மேலே ஊற்றிக்கொண்டு போவார்கள்.

பிப்ரவரியில், செத்சுபுன் பண்டிகைக்குப் பயறு வறுத்து வீசின மறு வாரம், எனக்கு நாள் தள்ளியிருப்பது உறுதியானது. தோஷியோவுக்குப் பிறகு பத்து வருஷம் ஒன்றும் தங்காமல் இருந்து இப்போது தங்கியிருந்தது. கணக்குப் பார்த்தால் செப்டம்பர் கடைசி.

என் புருஷன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த வருஷம் வேண்டாமே கயோ. பையனா இருந்தாப் பரவாயில்ல. யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சோற்றுச் சட்டியை மூடினேன்.

மாமியார்தான், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். மீன் சந்தைக்குப் பின்னால், படிக்கட்டுக்குக் கீழே கொதானி என்று ஒருவர் ஜாதகம் பார்ப்பார். முன்பு சந்தையில் மீன் எடை போட்டவர். போகிற அன்று மாமியார் அடுப்படிக்குப் போய், "ஷிமோ, நீயும் கிளம்பு," என்றார். ஏன் என்று அத்தை கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

கொதானிக்கு அன்று ஜலதோஷம். மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்து, குளிர்ந்த பயற்றுக் களியை மரக்கரண்டியால் வெட்டித் தின்றுகொண்டிருந்தார். அதை நாங்கள் குளிர்காலத்தில்தான் தின்போம். சுவரில் பன்னிரண்டு மிருகமும் வட்டமாக நிற்கிற படம் ஒன்று ஒட்டியிருந்தது.

மாமியார் நேராக விஷயத்துக்கு வந்தார். "இவ என் மருமக. பெத்துக்கிட்டா செப்டம்பர்ல பெத்துக்குவா. இது என் நாத்தனார். போன நெருப்புக் குதிரை. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு குதிரையை வீடு தாங்குமா? அதைக் கேக்கத்தான் வந்தோம்."

"நீங்க நடத்துறது குளியல் வீடா, குதிரை லாயமா?" என்றார் கொதானி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"விளையாடாதீங்க. வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு சொல்லுங்க, போதும்."

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியும்னு சொல்றவர் ஒருத்தர் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காரு. அவர் சொல்றது பாதி தடவை பலிக்கும்." அத்தையின் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, நீங்க எந்த மாசம்?"

"ஜனவரி."

"தேதி?"

"இருபது."

கொதானி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க குதிரை இல்லையே."

"என்ன உளர்றீங்க?" என்றார் மாமியார். "மெய்ஜி முப்பத்தொம்போது குதிரைதானே?"

"அது அரசாங்கக் கணக்கு. மிருகத்துக்கு அரசாங்கம் தெரியாது, பருவம்தான் தெரியும். வசந்தம் பொறக்காம மிருகம் மாறாது. செத்சுபுனுக்கு வருஷா வருஷம் பயறு வறுத்து வீசுறீங்களே, எதுக்கு?"

"பேயை ஓட்ட."

"பழைய வருஷத்தை ஓட்ட. மறுநாள்தான் வசந்தம், மறுநாள்தான் புது மிருகம். இவங்க அதுக்கு முன்னாடியே பொறந்துட்டாங்க. நம்ம தாத்தா காலத்துப் பழைய புத்தாண்டுகூட அப்ப வரல. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இவங்க பாம்பு."

அவருக்கு எங்கள் முகத்தைப் பார்த்து, புரியவில்லை போலிருக்கிறது என்று பட்டிருக்க வேண்டும். எழுந்து படத்தின் பக்கம் போனார்.

"குளியல் வீட்டுக்காரங்களுக்கு அந்தப் பாஷையிலயே சொல்றேன். ஒரு பருவத்துக்கு மூணு மிருகம். மொதல்ல வர்றது பத்த வைக்கும். நடுவுல நிக்கிறது கொதிக்கும். கடைசியா வர்றது சாம்பலைப் போட்டு மூடும், அதுக்கு மண்ணோட குணம். வசந்தத்துக்கு மரம், கோடைக்கு நெருப்பு, இலையுதிர்ற காலத்துக்கு இரும்பு, குளிருக்குத் தண்ணி. கோடையைப் பாம்பு பத்த வைக்குது, குதிரை கொதிக்குது, ஆடு மூடுது. குதிரைன்னா கோடையோட நட்ட நடு மத்தியானம். அதுவே நெருப்பு. அது தலையில வருஷத்தோட பெரிய நெருப்பும் ஏறி உக்காந்தா, கொதிக்கிற தொட்டிக்குக் கீழ இன்னும் ஒரு வண்டி வெறகு. அதைக் கண்டுதான் ஜனங்க ஓடுறாங்க."

"எனக்கு?" என்றாள் அத்தை. அவள் வெளி மனுஷரிடம் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"உங்க பாம்பு தலையில இருக்கறது மரம். பெரிய மரம் இல்ல. புல்லு, கொடி, சின்னக் கெளை."

"சுள்ளி," என்றாள் அத்தை.

"ஆமா. சுள்ளிதான். பத்த வைக்கிறதுக்கு."

அத்தை படத்தைப் பார்த்தாள். கையை மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள்.

"இந்தப் புள்ள கதை என்ன?" என்று மாமியார் என் வயிற்றைக் காட்டினார்.

"வருஷம் குதிரைதான், இல்லேங்கல. மாசம் சேவல். இலையுதிர்ற காலத்தோட நடு மிருகம், குளுந்த இரும்பு. அப்புறம் நாள் இருக்கு, நேரம் இருக்கு. வருஷத்தை மட்டும் வெச்சு ஆளைச் சொல்றது, உப்பை நக்கிட்டுக் கொழம்பு எப்படின்னு சொல்ற மாதிரி."

திரும்பும்போது பனி சேறாகிக் கிடந்தது. மாமியார் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஏண்டி, பாம்புன்னா பாம்புன்னு அப்பவே சொல்லியிருக்க வேண்டாமா?"

"எனக்கு யாரு சொன்னா?" என்றாள் அத்தை.

பாலத்தில் மாமியார் நின்றார். "அப்ப அந்தத் தரகுக்காரன் சொன்னது நெசமா?"

"மரத்தூள் மேல சாக்கு போடல. நனைஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு அத்தை முன்னால் போய்விட்டாள்.

அத்தை பாம்பு என்று தெரிந்ததில் எனக்கு ஒன்றும் மாறவில்லை. மாமியார் அதை வேறு விதமாகக் கணக்குப் போட்டார். "குதிரை இல்லாதவளுக்கே இந்தக் கதி. நெசக் குதிரையா ஒண்ணு பொறந்தா அதுக்கு என்ன கதி?" என்று இரவுச் சாப்பாட்டில் சொன்னார். என் புருஷன் தலையாட்டினார். அதில் தப்பு எங்கே என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். மத்தியானம் வரச் சொன்னார்கள். நான் மாற்றுத் துணி ஒன்றைச் சதுரத்துணியில் முடிந்து வைத்தேன். ஊற்றிக் குளிப்பதற்கு ஒரு சின்ன வாளி தனியாக இருக்கட்டும் என்றும் எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எங்கள் குளியல் வீடு பிற்பகலில் திறக்கும். அதற்கு உச்சிப்பொழுதுக்கு முன்பே அடுப்பு பற்றியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்று நானும் என் புருஷனும் வாசலில் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். அவர் பழக்கத்தில் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தார். புகை இல்லை.

"அத்தைக்கு உடம்பு சரியில்லையோ?"

பின்கட்டுக்குப் போனோம். அத்தை அடுப்புக்கு முன்னால் தன் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள். உள்ளே கறுப்பாக இருந்தது.

"என்ன அத்தை, இன்னும் பத்த வைக்கல?" என்றார் அவர்.

"குதிரைன்னுதானே இங்க உக்கார வெச்சீங்க."

"அதுக்கு?"

"குதிரை இல்லையாமே."

சத்தம் கேட்டு மாமியாரும் வந்தார். "இதென்ன புதுசா? ஊரே வந்து நிக்கப் போகுது, பச்சத் தண்ணியிலயா எறக்கறது? ஷிமோ, எழுந்திரு."

அத்தை எழுந்திருக்கவில்லை. சண்டை போடுகிற குரலும் இல்லை. தூள் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரல்தான்.

"சரி, என்ன வேணும்னு சொல்லுங்க," என்றார் என் புருஷன்.

அத்தை என் கால்களைப் பார்த்தாள். "கயோ காலணியைக் கழட்டட்டும்."

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"கழட்டிட்டா?" என்றார் மாமியார். "பொண்ணு பொறந்தா யார் பாத்துக்கறது? யார் கட்டிக்குவா? பதில் சொல்லு."

"நான் பாத்துக்கறேன். அறுபது வருஷம் குதிரையா இருந்திருக்கேன். என்னென்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும்."

என் புருஷன் வெளியே போய் நின்று சிகரெட் பற்ற வைத்தார். நான் குனிந்து இடது காலைக் கழற்றினேன். வலது கால் வரவில்லை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை எழுந்து வந்து குதிகாலைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். அவள் கை அன்று ஜில்லென்று இருந்தது.

அப்புறம் அவள் சுள்ளியை உடைத்து அடுக்கித் தீக்குச்சி கிழித்தாள்.

அன்று திறக்க நேரமாகிவிட்டது. வாசலில் முதல் ஆளாக நின்ற வலைக்காரக் கிழவர் கத்தினார். "என்ன, குதிரை செத்துப்போச்சா?" குதிரை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அடுப்படியிலிருந்து அத்தை, "விடு," என்றாள். வெளியில் யாரிடமும் அவள் சொல்லவே இல்லை. சுவரைத் தட்டி அந்தக் கிண்டலைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேரும் வரை அதையேதான் சொன்னார்கள்.

செப்டம்பர் கடைசியில் பிறந்தது பெண்தான். மாமியார் தண்ணீர், பனி, நிலா என்று குளிர்ச்சியாக ஒரு பெயர் தேடினார். "வேண்டாம்," என்றாள் அத்தை. "அதெல்லாம் ஒண்ணையும் அணைக்காது. குளிரும், அவ்வளவுதான்." மினோரி, அதாவது விளைச்சல், என்று வைத்தோம். அறுவடை முடிகிற சமயம்.

மினோரி அடுப்படியில்தான் வளர்ந்தாள். நடக்கக் கற்றதும் அங்கேதான். அவள் வயதுப் பிள்ளைகள் ஊரில் குறைவு. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஒரே வகுப்பு, பாதி நாற்காலி காலி. பரீட்சையிலும் வேலையிலும் போட்டியே இல்லை, எங்கே போனாலும் இடம் இருந்தது. யாராவது குதிரை என்று சொன்னால் அவள் அத்தையிடம் ஓடி வருவாள். "திருப்பிச் சொல்லாத. எத்தனை தடவைன்னு எண்ணிக்க. கொஞ்ச நாள்ல அவங்களுக்கே அலுத்துடும்," என்பாள் அத்தை. அலுத்துத்தான் போனது. மினோரி நாகோயாவில் ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். அவன் வீட்டில் யாரும் வருஷம் கேட்கவில்லை. அவனுக்கு இப்போது தொப்பை விழுந்திருக்கிறது, வேறு குறை ஒன்றும் இல்லை.

மாமியார் போனார். என் புருஷன் யசுஜியும் போய்விட்டார். அடுப்பு எண்ணெய்க்கு மாறி, பிறகு குளியல் வீட்டையே மூடினோம். அதன்பின் ஒரு நாள் நான் அத்தையிடம் கேட்டேன். "அன்னிக்குக் கொதானி சொன்னப்போ உங்களுக்கு எப்படி இருந்துது?"

கையிலிருந்த துணியை மடித்துக் கதவோரம் வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள். "பொய் இல்லேன்னு தெரிஞ்சிருந்தா, அந்த நிச்சயக் கணவாயை நானும் ஒரு துண்டு தின்னிருக்கலாம்."

ஷிமோ இப்போது ஆற்றுக்கு அக்கரையில் முதியோர் இல்லத்தில், மாடியில், வெந்நீர்க் குழாய் போகிற சுவரோரக் கட்டிலில் இருக்கிறாள்.